காற்று மெலிந்த சாலை

எளாவூர் செக்போஸ்ட் வரை ஓடிப்போய்த் திரும்பி வருகிற ஆள் என்று சொன்னால் போதும், கவரைப்பேட்டையில் யாரானாலும் வரதனின் வீட்டைக் காட்டிவிடுவார்கள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அவன் கம்பி இழுக்கும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். சேர்ந்த வருஷமே அவனுடைய சைக்கிள் திருட்டுப் போனது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதே என்று ஓட ஆரம்பித்தவன், வேறு சைக்கிள் வந்த பிறகும் ஓட்டத்தை நிறுத்தவில்லை. காக்கி அரைக்கால் சட்டையும் கேன்வாஸ் ஷூவுமாக, கல்கத்தா ரோட்டில் லாரிகளுக்குப் பக்கத்தில் அவன் ஓடுவதைப் பார்த்துச் சிரித்த டிரைவர்கள் பிறகு கை காட்ட ஆரம்பித்தார்கள். சுற்று வட்டாரத்தில் எங்கே ஓட்டப் பந்தயம் வைத்தாலும் அவன்தான் முதல்.

கூட ஓடுகிறவன் நாகமுத்து. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துக்காரன். வலை வீட்டுப் பிள்ளை. அதே தொழிற்சாலையில் உலைப் பக்கம் வேலை பார்த்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கத்தில் வாடகை அறையில் தங்கியிருந்தான். தனியாக ஓடச் சலிப்பாக இருக்கிறது என்று வரதன்தான் அவனை இழுத்துக்கொண்டு போனான். செக்போஸ்ட் டீக்கடையில் வரதன் டீயைக் குடித்து முடிக்கிற நேரத்தில் நாகமுத்து வந்து சேருவான். அதில் அவனுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. வந்ததும் பெஞ்சில் குந்தி, "இன்னா, எனக்கும் சொல்லிட்டியா டீ?" என்று கேட்பான்.

1973 முடிகிற சமயம், தொழிற்சாலையின் லேபர் ஆபீசர் பூவராகவன் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். ஊட்டியில் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மாரத்தான் ஓட்டம் நடக்கப் போகிறது. இருபத்தாறு மைல். எல்லாம் மலைச் சாலை. கம்பெனி சார்பில் இரண்டு பேரை அனுப்ப முதலாளி ஒப்புக்கொண்டுவிட்டார்.

"மலையில ஓடியிருக்கியா?" என்று வரதனைக் கேட்டார்.

"மலையையே பார்த்ததில்ல சார். தூரத்துல சத்தியவேடு பக்கம் நீலமாத் தெரியும், அவ்ளோதான்."

அன்று சாயங்காலம் செக்போஸ்டில் அந்தச் செய்தியைச் சொன்னபோது, லாரி டிரைவர் ஆதிநாராயணன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவன் மேட்டுப்பாளையத்திலிருந்து உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு விஜயவாடா போகிறவன். சில நேரம் மலைக்கே போய் ஏற்றுவதும் உண்டு.

"அங்க ஓடப் போறியா நைனா? அந்த மலை ஏறச்சொல்ல என் வண்டியே தெணறுது. புகை கரேல்னு வருது. வண்டிக்கே காத்து பத்தல. உனக்கு எப்பிடிப் பத்தும்?"

"காத்து பத்தலன்னா இன்னா அர்த்தம்? காத்து இல்லாத எடமா அது? அங்க ஆளுங்க இருக்காங்க இல்ல?"

"இருக்காங்க. எப்பிடி இருக்காங்கன்னு நீ போய்க் கேட்டுகினு வா."

வரதனுக்கு அந்தப் பேச்சு மண்டைக்குள் புகுந்துகொண்டது. காற்று என்றால் காற்றுதானே. ஒரு இடத்தில் நிறையவும் இன்னொரு இடத்தில் குறைவாகவும் எப்படி இருக்கும்? பூவராகவனைக் கேட்டான். "மேல போகப் போகக் காத்து மெலிசா இருக்கும்பா" என்றார் அவர். "மெலிசுன்னா, துணி மாதிரியா சார்?" என்றான். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தான் பத்தாம் வகுப்பில் படித்தது, இப்போது சரியாக ஞாபகமில்லை என்று ஒப்புக்கொண்டார்.

வரதனின் மனைவி சாராள் அரிசி மில்லில் தவிடு சலிக்கிறவள். அவளுக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது.

"அங்க மேகம் தரையிலயே வருமாமே. அதுக்குள்ள நடந்து போனா நனையுமா? பார்த்துகினு வந்து சொல்லு."

கவரைப்பேட்டையைச் சுற்றிப் பூமி தாம்பாளம் போல இருக்கும். மேடு என்று சொன்னால் ஏரிக்கரை ஒன்றுதான். அந்தக் கரையில் இருவரும் ஏறுவதும் இறங்குவதுமாக மூன்று வாரம் ஓடினார்கள். மாடு மேய்க்க வந்த பெண்கள், "எதுனா தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

*

துணைக்கு வந்த பூவராகவனோடு மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலுக்கு மாறினார்கள். தண்டவாளத்துக்கு நடுவில் இன்னொரு தண்டவாளம், ரம்பம் போலப் பல் பல்லாக ஓடியது. இருவரும் இரும்போடு புழங்குகிறவர்கள். குனிந்து குனிந்து அதையே பார்த்தார்கள். எஞ்சின் முன்னால் இழுக்காமல் பின்னால் நின்று தள்ளியது. "கொக்கி கழண்டா பின்னால வுழுந்துடக் கூடாதுன்னு தாங்கிப் பிடிச்சிகினு போவுது" என்றான் நாகமுத்து. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வரதன் இறங்கிப் போய் எஞ்சினின் சக்கரம் அந்தப் பல்லை எங்கே பிடிக்கிறது என்று பார்த்தான். கடைசியாக ஒரு இடத்தில் ரயில் கிளம்பிவிட, பூவராகவன் அவன் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுக்க வேண்டியதாயிற்று.

குன்னூருக்கு வருவதற்குள் காது அடைத்துக்கொண்டது. வரதன் விரலை விட்டுக் குடைந்தான்.

"எச்சி முழுங்கு" என்றான் நாகமுத்து. "ஏரியில முங்கிப் போனா இப்பிடித்தான் அழுத்தும். மேல வந்தா வுட்டுடும்."

"இப்ப நாம முங்கவா போறோம்? ஏறிகினு இல்ல இருக்கோம்?"

நாகமுத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். பள்ளத்தாக்கின் அடியில் தென்னந்தோப்புகள் புல் போலத் தெரிந்தன. "அதான் நானும் யோசிக்கிறேன்" என்றான். "ஒருவேளை நம்ம ஊருதான் அடியில இருக்குதோ இன்னாவோ. அங்கயே பொறந்ததால நமக்குத் தெரியலயோ?"

வரதனும் எட்டிப் பார்த்தான். அந்த வார்த்தையை அவன் மறக்கவில்லை.

ஓட்டக்காரர்கள் தங்குவதற்கு ஊட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தைத் திறந்து விட்டிருந்தார்கள். பின்கட்டில் அடுப்பு இருந்தது. ஓட்டத்துக்கு முன்னால் வெளிச் சாப்பாடு வேண்டாம் என்று நாகமுத்து, வரதன் கொண்டுவந்திருந்த அரிசியை உலையில் போட்டான். தண்ணீர் சீக்கிரமே தளதளவென்று கொதித்தது. அரிசி மட்டும் வேகவில்லை. விறகைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். பானை பொங்கியது, சோறு நடுவில் கல்லாகவே இருந்தது.

"இன்னா அரிசி வாங்கின நீ?" என்று வரதனைக் கேட்டான்.

"சாராள் மில்லுலேர்ந்து குடுத்த அரிசிதான்பா. ஊட்டுல இதே அரிசிதானே துன்றோம்."

பக்கத்து அடுப்பில் இருந்த தோட்டத் தொழிலாளி ஒருவர், இங்கே எல்லாமே அப்படித்தான், பருப்பு வேக அரை நாள் ஆகும் என்றார். ஏன் என்று வரதன் கேட்டான். அவருக்குத் தெரியவில்லை. கொதிக்கிற தண்ணீரில் வரதன் விரலை வைக்கப் போனான். நாகமுத்து கையைத் தட்டிவிட்டான். கடைசியில் அரை வேக்காட்டுச் சோற்றையும் சுட்ட கருவாட்டையும் சாப்பிட்டார்கள். கருவாட்டு நாற்றம் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவி, பூவராகவன் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

காலையில் வெளியே வந்தால் பள்ளிக்கூட மைதானத்துப் புல் முழுக்க வெள்ளை. உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த நாகமுத்துவுக்கு ஒரே திகைப்பு. "யாரு இவ்ளோ உப்பைக் கொட்டி வெச்சது?" என்று குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து வரதனும் எடுத்து வைத்தான். உப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. உறைந்திருந்த பனி விரலில் வெறும் தண்ணீராகிவிட்டது.

*

ரேஸ் கோர்ஸ் மைதானத்திலிருந்து ஓட்டம் கிளம்பியது. தொட்டபெட்டா பிரிவு வரை ஏற்றம். அங்கிருந்து கோத்தகிரி சாலையில் இறக்கம். கட்டபெட்டு போய்த் திரும்பி, இறங்கிய அவ்வளவையும் ஏறி, மறுபடி மைதானத்துக்கு வர வேண்டும். பட்டாளத்துக்காரர்கள் ஆறேழு பேர், தோட்டத்து ஆட்கள், கல்லூரி மாணவர்கள். வெறுங்காலோடும் சிலர் நின்றார்கள்.

வரதனுக்கு ஒரு வழிதான் தெரியும். விசில் ஊதியதும் முன்னால் போவான். பிறகு பின்னால் திரும்பிப் பார்க்க மாட்டான். அப்படித்தான் பட்டாளத்துக்காரர்களோடு சேர்ந்து கிளம்பினான். தைல மரங்களுக்கு நடுவில் சாலை வளைந்து வளைந்து ஏறியது. முதல் சில வளைவுகளில் கால் நன்றாகவே இருந்தது. பிறகு மூச்சை இழுத்தான். நெஞ்சு நிறைய இழுத்தும் எதுவும் உள்ளே வராதது போல இருந்தது. இன்னும் பலமாக இழுத்தான். காதுக்குள் ஆலை ஓடுகிற சத்தம் கேட்டது. நெற்றியின் இரண்டு பக்கமும் யாரோ இடுக்கி போட்டு இறுக்கினார்கள். தொட்டபெட்டா பிரிவில் சாலையோரம் உட்கார்ந்து, காலையில் குடித்த காபியை வாந்தி எடுத்தான்.

ஒவ்வொருவராக அவனைக் கடந்து போனார்கள். அந்தக் கூட்டத்தில் நாகமுத்துவும் வந்தான். வந்தவன் நின்றுவிட்டான்.

"இன்னாபா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. நீ போ."

"கூட நிக்கட்டா?"

"போடான்றேன்!"

நாகமுத்து தயங்கித் தயங்கித் திரும்பினான். பிறகு தன்னுடைய வழக்கமான ஓட்டத்தில், அவசரமே இல்லாமல், வளைவில் இறங்கி மறைந்தான். வரதன் அவன் போவதையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷமாகச் சேர்ந்து ஓடியும் நாகமுத்துவின் முதுகை அவன் பார்த்தது இல்லை.

ஜீப்பில் வந்த இளம் டாக்டர் அவன் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "தலை வலிக்குதா? கீழிருந்து நேத்துதான் வந்தியா? உனக்கு உயரம் ஒத்துக்கல. வண்டியில ஏறு, போயிடலாம்."

வரதன் ஏறத்தான் எழுந்தான். படியில் கால் வைத்தபோது அவனுக்கு ஒரு கேள்வி வந்தது.

"சார், எனக்கு மட்டும் ஏன் சார்? அவனும் என்கூடத்தானே வந்தான்?"

"சிலருக்கு வரும், சிலருக்கு வராது. யாருக்கு வரும்னு முன்கூட்டிச் சொல்ல முடியாது. வேகமா ஓடறவன், பலசாலின்னு எல்லாம் பார்த்து வரதில்லை."

"கீழ எறங்கினா போயிடுமா?"

"இறங்க இறங்கக் குறையும். அங்க காத்து கூடுதல்."

"எந்த எடத்துல போவும்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "அது உன் உடம்புக்குத்தான் தெரியும்."

வரதன் காலைப் படியிலிருந்து எடுத்துவிட்டான். "அப்ப நான் நடந்தே எறங்கறேன் சார். எந்த எடத்துல போவுதுன்னு பார்க்கணும்."

டாக்டருக்கு என்ன தோன்றியதோ, தலைவலி அதிகமானாலோ தள்ளாடினாலோ ஓரமாக உட்கார்ந்துவிட வேண்டும், ஜீப் போய் வந்துகொண்டே இருக்கும் என்று சொல்லிவிட்டு அனுப்பினார்.

அவன் இறங்க ஆரம்பித்தான். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பந்தயத்தில் நடந்தான். முதலில் கூச்சமாக இருந்தது. வெள்ளைத் துப்பட்டி போர்த்திய இரண்டு பெண்கள் சாலையோரம் நின்று அவனைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். தலையைக் குனிந்துகொண்டான். நாலு வளைவு தாண்டியதும் கூச்சத்தை மறந்துபோனான், வேறு வேலை வந்துவிட்டதால். ஒவ்வொரு வளைவிலும் நின்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். இங்கே இருக்கிறதா? இருக்கிறது. இங்கே? கொஞ்சம் லேசாக. மூச்சைப் பிடித்துப் பார்த்தான். உரக்கப் பேசிப் பார்த்தான். ஒரு மூச்சில் சாராள், சாராள் என்று எத்தனை தடவை சொல்ல முடிகிறது என்று பார்த்தான். கேரட் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்த கிழவர் நிமிர்ந்து, இந்த ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்பது போலப் பார்த்தார்.

நடுவில் மேகம் வந்தது. பள்ளத்திலிருந்து கிளம்பி, சாலையைக் கடந்து, அவனை மூடிக்கொண்டு மேலே போனது. எதிரே பத்தடி தெரியவில்லை. நின்றான். கையை நீட்டினான். மழை இல்லை, துளி இல்லை. மேகம் விலகியபோது கைமயிரில் எல்லாம் நுண்ணிய முத்துகள் கோத்திருந்தன. பனியன் ஈரமாகியிருந்தது. நனையும், ஆனால் நனைவது தெரியாது. இதைச் சாராளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தவன், தேயிலைச் சரிவு ஒன்றின் வளைவில் சட்டென்று நின்றான். தலைவலி இல்லை. எப்போது போனது? கடைசியாகத் தொட்டுப் பார்த்த வளைவில் இருந்ததா? மேகத்துக்குள் தொலைத்துவிட்டிருக்கிறான். அவனுக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

அந்த வளைவிலிருந்து மலை விலகிக் கீழே வழிவிட்டது. எவ்வளவோ ஆழத்தில் சமவெளி கிடந்தது. மங்கலான பச்சை, மண்நிறம், ஊசி போல ஓர் ஆறு. அதன் மேல் வெளுத்த புகை போலக் காற்று படிந்திருந்தது. ஏரித் தண்ணீரை மேலிருந்து பார்ப்பது போல இருந்தது. அதன் அடியில்தான் ஊர்கள், வயல், ரோடு, லாரி, அவனுடைய தொழிற்சாலை மாதிரி எத்தனையோ தொழிற்சாலைகள். ரயிலில் நாகமுத்து சொன்னது அவனுக்கு அப்போது புரிந்தது. அங்கே ஓடும்போது தலைக்கு மேல் இவ்வளவு காற்று இருந்திருக்கிறது; ஒரு நாளும் கனக்கவில்லையே? மீனுக்கும் அப்படித்தானா?

அங்கே அவன் வெகுநேரம் நின்றுவிட்டான். ஓட்டம் ஞாபகம் வந்ததே, எதிரே காலடிச் சத்தம் கேட்ட பிறகுதான். பட்டாளத்துக்காரர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சிலர். பிறகு நாகமுத்து. கண்ணைச் சாலையை விட்டு எடுக்காமல், வாயைக் குவித்து ஊதி ஊதி ஏறிக்கொண்டிருந்தான்.

"நாகமுத்து!"

நிமிர்ந்தான். "எப்பிடி இருக்க?"

"போயிடுச்சி! இங்கதான் எங்கியோ போயிடுச்சி!"

நாகமுத்துவுக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையை ஆட்டினான். "நான் எத்தினாவது?"

"பதினொண்ணு, பன்னெண்டு இருக்கும். போ, போ. முன்னால போறவன் நொண்டறான், புடிச்சிடலாம்!"

சொன்ன பிறகுதான், தான் அதைச் சொன்னதை வரதன் கவனித்தான்.

கட்டபெட்டு வரை ஓடினான். அங்கே திருப்பத்தில் நின்றவர்கள் மேஜையை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஊர்ப் பந்தயங்களில் கொடுக்கிற இளநீருக்குப் பதில் சூடான சுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். திரும்பி ஏறும்போது அவன் அவசரப்படவில்லை. வாய்விட்டுப் பேச முடிகிற வேகத்துக்கு மேல் போவதில்லை என்று வைத்துக்கொண்டான். பேச்சு திக்கினால் நடந்தான், சரியானால் ஓடினான். தலைவலி திரும்பி வந்தது. ஆனால் வாந்தி வரவில்லை. தொட்டபெட்டா பிரிவில் ஜீப் நின்றிருந்தது. டாக்டர் இறங்கி வந்து கண்ணைப் பார்த்தார், நேர்கோட்டில் நடக்கச் சொன்னார், போகவிட்டார்.

மைதானத்தில் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிவிட்டார்கள். பூவராகவன் மட்டும் மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் ஓடி வந்து, "வந்துட்டியா" என்று மட்டும் சொன்னார்.

நாகமுத்து எட்டாவதாக வந்திருந்தான். முதல் பத்துப் பேருக்கு ஆளுக்கொரு கம்பளி கொடுத்தார்களாம். அதை மடியில் வைத்துக்கொண்டு சங்கடத்தோடு உட்கார்ந்திருந்தான்.

*

சாயங்காலமே பள்ளிக்கூடத்தில் இருவரும் பாயை விரித்துப் படுத்துவிட்டார்கள். வரதனுக்கு உள்ளுக்குள் எரியத்தான் செய்தது. ஊரில் என்ன சொல்வார்கள் என்று நினைத்தான். செக்போஸ்டில் ஆதிநாராயணன் சிரிப்பது இப்போதே காதில் கேட்டது. கம்பளியைப் பார்க்காமல் இருப்பதற்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

நாகமுத்துதான் பேச்சைத் தொடங்கினான்.

"அந்த வளைவுல நின்னுகினு இருந்தியே, அங்க இன்னா பார்த்த?"

"நீயும்தானே அந்த வழியா ரெண்டு தபா போன?"

"எங்க பார்த்தேன்? தலையைத் தூக்கினா மூச்சு வுட்டுப் போவுது. ரோட்டைத்தான் பார்த்தேன். இருபத்தாறு மைலும் தாரு. ஊட்டுக்குப் போனா, ஊட்டி எப்பிடி இருந்துச்சின்னு கேப்பாங்க. இன்னா சொல்றது?"

வரதன் திரும்பிப் படுத்தான். சொல்ல ஆரம்பித்தான். மேகம் ஏறி வந்தது, கையில் முத்து கோத்தது, கீழே கிடந்த சமவெளி, அதன் மேல் படிந்திருந்த காற்று. சொல்லச் சொல்ல எழுந்து உட்கார்ந்துவிட்டான். கையை விரித்துக் காட்டினான். நாகமுத்து குறுக்கே குறுக்கே கேட்டான். தண்ணி மாதிரியா? அலை இருந்துச்சா? மேல் மட்டம் தெரிஞ்சுதா? மட்டம் தெரிந்ததா இல்லையா என்று வரதனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"நாளைக்குப் போய்ப் பார்த்துடலாம்" என்றான் நாகமுத்து.

மறுநாள் மத்தியானம் அவர்களுக்கு மலை ரயில். பூவராகவனிடம் கேட்டார்கள். அவர் முதலில் முடியாது என்றார். பிறகு, எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டார். அவர்கள் சொன்னதைக் கேட்ட பிறகு, சாயங்கால பஸ்ஸில் மலை இறங்கினாலும் மேட்டுப்பாளையத்தில் இரவு ரயிலைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, தானும் வருவதாகச் சொன்னார்.

காலையில் மூவரும் பஸ்ஸில் அந்த வளைவுக்குப் போனார்கள். மேகம் பள்ளத்தை நிரப்பிக்கொண்டு கிடந்தது. ஒன்றும் தெரியவில்லை. காத்திருந்தார்கள். தேயிலை கிள்ள வந்த பெண்கள் இவர்கள் யார், எதற்கு ரோட்டில் குந்தியிருக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். வெயில் ஏறிய பிறகு வெண்மை நடுவில் கிழிந்து, அந்த இடைவெளியில் பூமி தெரிந்தது. பூவராகவன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நாகமுத்து விளிம்புக்கே போய், பாறையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"மட்டம் இருக்குதுபா" என்றான். "அதோ, அந்தப் புகைக் கோடு. அதுக்கு மேல பளிச்சுனு இருக்குது, கீழ கலங்கலா இருக்குது. பார்த்தியா?"

"அது மட்டம் இல்ல. அதுக்கு மேலயும் காத்து இருக்குதே. நாம வுட்டுகினு இல்ல இருக்கோம்?"

"அப்ப எதுல முடியுது?"

"அத்தான் தெரியல."

திரும்பும்போது தொட்டபெட்டா பிரிவில் இறங்கினார்கள். வரதனுக்கு அந்த இடத்தில் நிற்க வேண்டும் போல இருந்தது. முந்தின நாள் உட்கார்ந்த ஓரத்தில் போய் நின்றான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். வலி இல்லை. சிகரம் பக்கம் ஏறுகிற ரோட்டில் நூறு கஜம் ஓடிப் பார்த்தான். மூச்சு வாங்கியது, ஆனால் வந்தது. திரும்பி ஓடி வந்தபோது அவன் முகத்தில் இருந்தது சந்தோஷமா, குழப்பமா என்று பூவராகவனுக்குத் தெரியவில்லை.

"நேத்து என்னை அடிச்சிப் போட்ட எடம் சார் இது. இன்னிக்கு ஒண்ணும் பண்ணல. காத்து மாறிடுச்சா, நான் மாறிட்டனா?"

"ஒரே நாள்லயா மாறுவ?" என்றான் நாகமுத்து.

"அத்தான் கேக்கறேன்."

பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கும் வரைக்கும் இருவரும் அதையே பேசிக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த ஜனவரியில் வரதன், உடம்பு மாறுகிறதா என்று பார்க்க, பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பே லீவு போட்டுவிட்டு மலைக்குப் போனான். இந்தத் தடவை சாராளும் கூடப் போனாள். நாகமுத்துவுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்ததால் அவன் வரவில்லை. அந்த ஒரு வாரமும் வரதன் தினம் கொஞ்சம் மேலே, தினம் கொஞ்சம் வேகமாக ஓடிப் பார்த்தான். பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தான். முன்பு நின்ற வளைவில் மட்டும் ஒரு நிமிஷம் நின்றானாம். நிற்காமல் இருந்திருந்தால் நாலாவதாக வந்திருப்பான் என்று சாராள் ஊரில் எல்லோரிடமும் குறைபட்டுக்கொண்டாள்.